நானே வந்து கேட்டாலும்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. ஞாயிறு மதியச் சாப்பாட்டின்போது அண்ணி வாய்தவறிச் சொன்னது. நான் கப்பென்று பிடித்துக்கொண்டேன். எழுதுகிறவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாயைத் திறந்தது அவர் தப்பு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மெழுகு வாசனை நிறைந்த அந்தக் கூடத்தில் ஒரு பெண், தன்னந்தனியாக"

[வேண்டாம். அண்ணி பல்செட் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறார். மெழுகு வாசனை உண்மை. ஆனால் "தன்னந்தனியாக" என்றதும், "எங்க கூடத்துல திரும்பக்கூட இடமில்லடா" என்று சிரித்துவிட்டார்.]

2

விஷயம் தெரியாதவர்களுக்கு: டிவி தொடரில் வரும் ஆட்களை வைத்து ரசிகர்களே இணையத்தில் கதை எழுதுவார்கள். ஃபேன் ஃபிக்ஷன் என்று பெயர். படகுத்துறையில் நடக்கும் ஒரு தொடரில் கேப்டனை அநியாயமாகச் சாகடித்துவிட்டார்கள். 'ஈரக்குடை' என்ற புனைபெயரில் ஒருவர் அவரைப் பிழைக்க வைத்து நீளமாகக் கதை எழுதினார். அண்ணிக்கு அது உயிர். அத்தியாயம் தவறாமல் கருத்து எழுதுவார், சேமித்தும் வைப்பார்.

திடீரென்று ஒருநாள் ஈரக்குடை கதையை நீக்கிவிட்டார். ஒரு குறிப்பு மட்டும் மிச்சம்: "சேமித்தவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தராதீர்கள். நானே வந்து கேட்டாலும்."

(இந்த வட்டத்தில் எழுதாத சட்டங்கள் உண்டு. நீக்கியவரிடம் காரணம் கேட்கக் கூடாது. பிரதி வேண்டுமென்று பொதுவில் கேட்கலாம், கொடுப்பது தனிச்செய்தியில்தான். எழுதியவர் கூடாதென்றால் கூடாது. சம்பந்தி வீட்டில்கூட இவ்வளவு மரியாதை பார்க்க மாட்டார்கள்.)

3

போன மாதம் அண்ணிக்கு ஒரு தனிச்செய்தி வந்தது: "அந்தக் கேப்டன் கதை உங்ககிட்ட இருக்கா?"

கையில் பாதி செதுக்கிய கடைவாய்ப்பல். அனுப்பியது யார் என்றுகூடப் பார்க்காமல் வழக்கமான பதிலைத் தட்டிவிட்டார் அண்ணி: "மன்னிக்கவும். எழுதியவர் அனுமதி இல்லை."

"எழுதினதே நான்தாங்க."

பார்த்தால், ஈரக்குடையின் அதே பழைய கணக்கு. எழுதியவரிடமே எழுதியவர் அனுமதி இல்லை என்று சொன்ன பெருமை எங்கள் குடும்பத்தைச் சேரும்.

[என்னிடம் விட்டால் ஈரக்குடையை அழுதுவடியும் பாத்திரமாக ஆக்கிவிடுவேன். அதனால் அவர் வார்த்தைகளையே தருகிறேன்.]

"கேப்டன் பேசுறதெல்லாம் என் வீட்டுக்காரர் பேச்சு. அவர் போனப்புறம் எழுதினது. முடிச்சதும் வேலைக்குப் போகாம, சமைக்காம, அதையே படிச்சுக்கிட்டு கிடந்தேன். அதான் நீக்கினேன், என் பிரதியையும் அழிச்சேன். இப்ப பொண்ணு வளந்துட்டா. 'அப்பா எப்படிம்மா பேசுவாரு'ன்னு கேக்குறா. எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குதுங்க."

அண்ணி பல்லைக் கீழே வைத்துவிட்டார்.

4

முடிவு ஒன்று: அண்ணி அனுப்பிவிடுகிறார். தாயும் மகளும் தோளோடு தோள் சாய்ந்து

முடிவு இரண்டு: அண்ணி மறுக்கிறார். ஏனென்றால் அந்தக் குறிப்பை எழுதிய பெண்ணுக்கும் ஒரு

இரண்டையும் பாதியிலேயே அண்ணியிடம் காட்டினேன். படித்துவிட்டு முறைத்தார்.

"உனக்கு எல்லாமே விளையாட்டுதான். கேக்குறது தேறி வந்தவளா, திரும்ப அதுல விழப்போறவளான்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேரும் இப்படித்தானே கேப்பாங்க?"

"அப்ப என்னதான் செஞ்சீங்க அண்ணி?"

"அது இருக்கட்டும். இதை எழுதலாமான்னு நீ அவங்ககிட்ட கேட்டியா?"

சுருக்கென்றது. அண்ணி மூலமாகவே கேட்டேன். ஈரக்குடை பதில் போட்டார்: "தாராளமா எழுதச் சொல்லுங்க. கதை எனக்குக் கிடைச்சுதா இல்லையான்னு மட்டும் வேணாம். கிடைச்சுதுன்னா எல்லாரும் பிரதி கேட்டு உங்ககிட்ட வந்து நிப்பாங்க. கிடைக்கலைன்னா உங்களைத் திட்டுவாங்க."

தன் புருஷனின் குரலுக்காகத் தவிக்கிறவர், அண்ணியின் நிம்மதியைப் பற்றிக் கவலைப்படுகிறார்.

5

ஆகவே முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது கேப்டன் சொல்லும் ஒரு வரி அண்ணிக்கு மனப்பாடம். எனக்குச் சொல்லிக் காட்டினார். வாயால் சொல்வது சட்டத்தில் சேருமா என்று இருவருக்கும் தெரியவில்லை. சாதாரண வரிதான், எந்த அப்பாவும் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்லக்கூடியது. அதை இங்கே எழுதியிருந்தேன்:

"[                              ]"

எடுத்துவிட்டேன். உங்களுக்கு முன்னால் அதைக் கேட்க வேண்டிய ஒருத்தி இருக்கிறாள்.