புருல்சுன் வடித்த மின்சாரம்

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது டோக்மோக் என்ற குளிர் ஊரில், ஒன்பது வருடமாக நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சமையலறையில். சொன்னவள் வீட்டுக்காரி புருல்சுன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "வெல்டர் தொக்தோசுன் சிகரெட்டை விட்ட குளிர்காலத்தில்..." வேண்டாம். தொக்தோசுன், அவள் கணவன், புகையை விடவில்லை, மாற்றிக்கொண்டான். செப்புக் குழாயை அறுத்து, பேட்டரி, பித்தான், கம்பிச்சுருள் வைத்து, திரவத்தைச் சூடாக்கி ஆவியாய் இழுக்கும் வேப் ஒன்றைத் தானே செய்துகொண்டான்.

2
(கொஞ்சம் மின்சாரம். பொறுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்குவதில் ஒரு சின்னப் பலகை இருக்கும். பேட்டரி இறங்கினாலும் ஆவி குறையாது. கையால் செய்ததில் அது கிடையாது. 4.2 வோல்ட்டில் முப்பத்தைந்து வாட் தரும் சுருள், 3.5க்கு இறங்கினால் இருபத்துநாலுதான் தரும்.)

இதைப் பெருமையாக அவளுக்கு விளக்கியவன் அவனேதான். மறுநாளிலிருந்து அவன் எழுமுன், இரவெல்லாம் சார்ஜ் ஏறிய பேட்டரியைக் கழற்றி, டார்ச்சில் போட்டு, மாட்டுக்கொட்டிலில் எரியவிட்டு, இறங்கியதும் திரும்ப மாட்டிவைத்தாள்.

"புகை குறைஞ்சா ஆசையும் குறையும்னு நெனச்சேன், தம்பி."

[அவளைத் தந்திரக்காரியாக்குகிறேனோ? அவன் இருமலை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சுவருக்கு இப்பால் நானும் கேட்டவன்தான்.]

3
ஆசை குறையவில்லை. காலையில் மீட்டர் வைத்துப் பார்த்தவன், "பேட்டரி கிழடாயிடுச்சு, என்னை மாதிரியே" என்றான். இறங்கிய பேட்டரிக்கு ஏற்றபடி, தடை பாதியாகும் அளவுக்குச் சுருளை மாற்றிச் சுற்றினான். தடை குறைந்தால் மின்சாரம் கூடப் பாயும், சூடும் கூடும்.

பிப்ரவரியில் அவளுக்குக் காய்ச்சல், எழவில்லை. அன்று முழுசாய் நிறைந்த பேட்டரி அந்தச் சுருளைச் சந்தித்தது. முற்றத்தில் பித்தானை அழுத்தியவன் அலறிக்கொண்டு குழாயைப் பனியில் வீசினான். அது சீறிப் புகைந்தது. உள்ளங்கை வெந்துபோயிருந்தது.

கை ஆறிற்று. ஆனால் அவன் வெல்டிங் முகமூடியைத் தொடவில்லை. வந்த வேலையைத் திருப்பி அனுப்பினான்.

"முப்பது வருஷம் கரண்டோட புழங்கினவன். ஒரு சுருளுக்குக் கணக்குத் தப்புது. இனிமே கொதிகலனை என்கிட்ட எவன் ஒட்டக் கொடுப்பான்?"

4
முடிவு. அவள் சொல்லாமலே இருந்துவிட்டதாக முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன், பொய். சொன்னாள், அவன் வாய்விட்டுச் சிரித்தான் என்று எழுதினேன். அது என் ஆசை. சொன்னாள், அவன் கதவை அறைந்துகொண்டு... இதுவும் நானாகக் கட்டியதுதான்.

நடந்தது இவ்வளவு. ஒரு மத்தியானம், மாவு பிசைந்த கையோடு அவன் முன்னால் போய் நின்றாள்.

"உங்க கணக்கு தப்பலை. தினமும் பேட்டரியை வடிச்சது நான்."

அடுத்த சனிக்கிழமை முகமூடியைத் தூக்கிக்கொண்டு அவன் தெருவில் நடந்ததை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சட்டைப்பையில் இருந்தது வேப்பா, சிகரெட்டா, ஒன்றுமில்லையா, தெரியாது.

அவள் சொன்னதற்கு அவன் என்ன பதில் சொன்னான்? மூன்று தடவை கேட்டுவிட்டேன். மூன்றாவது தடவை அவள் என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"நீதான் விதவிதமா எழுதி வச்சிருக்கியே, தம்பி. எனக்கு நடந்தது ஒண்ணே ஒண்ணு. அதையும் உனக்கே கொடுத்துட்டா எனக்கு என்ன மிச்சம்?"