மூடியில் விழுந்த சுண்ணாம்பு

காலை பத்தேகாலுக்கு முதல் செங்கல் வெளியே வந்தது.

பல்கலைக்கழகத்தின் திருத்தணி மையத்தில் பிரபாவதி நூலகர். மையத்துக்காக ஒன்பது வருடங்களுக்கு முன் வாங்கப்பட்ட இந்த வீட்டில்தான் அவள் வளர்ந்தாள். புத்தக அடுக்குகள் நிற்கும் இடம் அம்மாவின் சமையலறை. ஒட்டினாற்போல் இருந்த பெரியப்பாவின் வீட்டையும் போன மாதம் வாங்கிவிட்டார்கள். நடுச்சுவரை இடித்தால் வாசிப்பறை பெரிதாகும்.

அண்ணன் தம்பிகளான பெரியப்பாவும் நைனாவும் பேச்சை நிறுத்திய பிறகும், இரு வீட்டுப் பெண்களும் இந்தச் சுவரில் இருந்த ஒரு பொந்து வழியாகக் குழம்பு கொடுத்து வாங்கினார்கள். பிரபாவதி பிறப்பதற்காக அம்மா பள்ளிப்பட்டு போயிருந்தபோது நைனா அதைத் தன் பக்கத்தில் செங்கல் வைத்து அடைத்தார். "உன் தூக்குச்சட்டிய அவங்க திருப்பித் தரல" என்று திரும்பி வந்த அம்மாவிடம் சொன்னாராம். அம்மா சாகும்வரை அந்தக் குடும்பத்தோடு பேசவில்லை. அவர்கள் மணவூருக்குக் குடிபோய் முப்பது வருடம். சாவுச் செய்திகூட இங்கே வராது.

சட்டியை உண்மையிலேயே தரவில்லையா? கேட்க ஆள் இல்லை. அடைத்த இடத்தையாவது பார்க்கலாம் என்று, சம்மட்டி வேண்டாம், ஒவ்வொரு கல்லாக எடுங்கள் என்று கேட்டிருந்தாள்.

"புதையல்னா பாதி எனக்கு மேடம்" என்றார் கொத்தனார் வேடியப்பன்.

"மொதல்ல எடுங்க."

நான்காவது கல்லுக்குப் பின்னால் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. பக்கவாட்டில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: பூவம்மாள். அம்மா பெயர். திறந்தாள். கருத்து இறுகிப்போன புளி. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் இல்லை.

"அடைச்ச அப்புறம் அந்தப் பக்கத்துலேர்ந்து வெச்சிருப்பாங்களோ?"

வேடியப்பன் மூடியை வாங்கி நகத்தால் சுரண்டினார்.

"இல்ல மேடம். சுண்ணாம்பு பாருங்க. கல்லு வெக்கும்போது உள்ள பிதுங்கி இதும்மேல விழுந்து காஞ்சிருக்குது. சட்டி இங்க இருக்கசொல்லதான் அடைச்சிருக்காங்க."

பொந்தின் மறுகோடியில், பெரியப்பா வீட்டுப் பக்கம் இருந்த சிறிய மரக்கதவு திறந்தது. சாவி ஒப்படைக்க வந்திருந்த பெரியப்பா மகன் தணிகைமணி குனிந்து பார்த்தார்.

"எடுத்துட்டீங்களா அத?" என்றார். "சின்ன வயசுல நான் எடுக்கப் போயி அம்மாகிட்ட அடி வாங்கினேன். குடுத்தத திரும்ப எடுக்கக் கூடாதாம். சித்தி ஒருநாள் கல்லப் பிரிச்சி எடுத்துக்கும்னு சொல்லிகினே இருந்திச்சி."

பிரபாவதி சட்டியை மூடினாள். அவரிடம் அவள் பேசுவது இதுதான் முதல் தடவை.

"அண்ணா, பெரியம்மா இருக்காங்கல்ல? இப்ப யாரு வீட்ல?"