வாயில்லாப் பெட்டி

மருந்து மொத்தக் கடையில் பில் மறுபடியும் பாதியில் நின்றது. அவள் கல்லாவில் இருந்தபடியே கொழுந்தனைக் கவனித்தாள். நினைத்தது போலவே அவன் எழுந்து சரக்கறைக்குள் போனான். அவன் திரும்பி வருவதற்குள் கணினிகள் எல்லாம் ஓடத் தொடங்கின.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடிக்கடி இதே கதைதான். சரக்கறையைத் துடைத்து, கிடப்பதை அடுக்கி, தொங்குவதைச் சொருகிவிட்டு அவள் வந்து உட்காரக்கூட விடாமல் பில் நின்றுவிடும்.

"தம்பி நெட்டுல படம் இறக்குறாருங்க. கடை நின்னதும் ஓடிப் போய் நிறுத்துறாரு," என்றாள் கணவனிடம்.

"நிரூபி. அன்னிக்கே அவனைக் கடைக்கு வர வேண்டாம்னு சொல்லிடறேன். போதுமா?"

கணவன் வரவழைத்த நெட்வொர்க் வேலைக்காரர், சரக்கறையில் கணினி வயர்கள் வந்து சேரும் பழைய பெட்டிக்கு மாற்றாக இரண்டு சுவிட்சுகளை மேசைமேல் வைத்தார்.

"இது வாயில்லாப் பூச்சி. சொருகினா ஓடும், அவ்வளவுதான். அது விலை கூட. ஆனா எந்தத் துளையில என்ன நடக்குதுன்னு சொல்லும். வம்பு பண்ற துளையை அதுவே அடைச்சிடும்."

"சாதாரணதே போதும் அண்ணி," என்றான் கொழுந்தன் அவசரமாக.

"மடியில கனமில்லேன்னா வழியில ஏன் தம்பி பயம்?"

வாயுள்ள பெட்டியையே மாட்டினார்கள். அன்றிலிருந்து கடை ஒருமுறைகூட நிற்கவில்லை. பயந்துவிட்டான் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

சில நாள் கழித்து நெட்வொர்க் வேலைக்காரர் வந்து, சரக்கறையில் மடிக்கணினியைத் திறந்தார். மூவரும் சுற்றி நின்றார்கள். அவள் கையில் தூசித்துணி இருந்தது.

"படமெல்லாம் யாரும் இறக்கலை மேடம். தம்பி சரக்கு எண்ணும்போது மடிக்கணினியில மாட்டிக்க இங்க ஒரு வயர் தொங்க விட்டிருக்கோமே, அதோட இன்னொரு முனையையும் யாரோ இதே பெட்டியில சொருகியிருக்காங்க. அப்படிச் செஞ்சா போன தகவலே சுத்திச் சுத்தி வந்து கடையை முடக்கிடும். பழைய பெட்டிக்கு அது தெரியாது. இது அந்தத் துளையை அடைச்சு வெச்சிருக்கு."

ஒரு துளைக்கு மேல் மட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. கடை நின்றபோதெல்லாம் அவன் எதைப் பிடுங்க உள்ளே போனான் என்று அவளுக்குப் புரிந்தது.

"யாருடா சொருகினது?" என்றான் கணவன்.

"தெரியலண்ணா. எலியா இருக்கும்."

"எலி வயரைக் கடிக்கும்டா, சொருகாது."

கொழுந்தன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை? மரியாதையா? இல்லை, ஒருநாள் மொத்தமாக எடுத்து வீசலாம் என்று சேர்த்து வைக்கிறானா?

நெட்வொர்க் வேலைக்காரர் வயரைப் பிடுங்கி விட்டார். அதன் முனை அலமாரியோரம் தொங்கி ஆடியது. தன்னையறியாமல் அவள் கை அதை நோக்கி நீண்டது. பாதி வழியில் நின்றது.

கணவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.