வேட்டிக்குப் பின்னால் இரண்டு வயலின்

பினாங்கில் யார் வீட்டு விசேஷத்தில் தர்மினி வயலின் வாசித்தாலும், முடிந்ததும் கூட்டம் அவளிடம் வராது, வயலினிடம் வரும். பெட்டிக்குள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். "நூத்தம்பது வருசம் லா, பிரான்ஸ்ல செஞ்சதாம்" என்று ஒருவர் காதை ஒருவர் கடிப்பார்கள். மரம் அப்படி, வார்னிஷ் அப்படி, மரம் வளர்ந்த காலத்துக் குளிர் அப்படி என்று ஆளுக்கொரு ரகசியம் சொல்வார்கள். வாசித்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வில்லைத் துடைத்துக்கொண்டிருப்பாள். ஐம்பத்தைந்து வயதுவரை இதைப் பொறுத்துக்கொண்டவளுக்குக் கோயில் கட்டலாம்.

இந்தப் பேச்சை ஊரெல்லாம் பரப்பியதே அவள் அண்ணன் கதிர்காமநாதன்தான். "அப்பாட வயலின் தானாப் பாடும். குரங்கிட்டக் குடுத்தாலும் பாடும்" என்று தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லிச் சிரிப்பார்.

அப்பா சாகும்போது வயலினை மகன் பேருக்கு எழுதிவைத்தார். வாசிக்கத் தேவைப்படும்வரை மகளிடம் இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருஷம் அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன வருஷம் பழைய வயலின்களை வாங்கி விற்கும் குகன் என்ற சிங்கப்பூர்க்காரர் அதன் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். அன்றோடு அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. வாரம் தவறாமல் ஆயர் ஈத்தாமில் அவள் பிளாட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

"தானாப் பாடுற வயலின் உன்னட்ட இருந்தா என்ன, இன்னொருத்தனிட்ட இருந்தா என்ன? பெரிய கச்சேரி செய்யிறவன் வச்சிருக்க வேண்டிய சாமான்" என்பார்.

பாடுவது வயலின் இல்லை, தன் கைதான் என்று அண்ணனுக்கு ஒருமுறை புரிந்துவிட்டால் போதும், வாயை மூடிக்கொள்வார், வயலின் தன்னிடமே இருந்துவிடும் என்று தர்மினி நினைத்தாள். பிறந்ததிலிருந்து அவரைத் தெரிந்தவள் இப்படி நினைத்தாளே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவளிடம் படிக்கும் சாந்தினி இணையத்தில் வாங்கிய சீனத்துத் தொழிற்சாலை வயலின் ஒன்று வைத்திருந்தாள். அதைத் தகர டப்பா என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெண்ணைப் பல தடவை அழவைத்தவள் தர்மினி. இப்போது அதையே இரவல் வாங்கினாள். பழைய கம்பிகளைக் கழற்றி எறிந்து நல்ல கம்பி போட்டாள். கம்பிகளைத் தாங்கும் குதிரையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். வயலினின் வயிற்றுக்குள் நிற்கும் சின்னக் குச்சியை நூறு தடவை மாற்றி நிறுத்திப் பார்த்தாள். மூன்று வாரத்தில் டப்பா வழிக்கு வந்தது.

ஒன்று மட்டும் வரவில்லை. நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றித்தானே வாசிப்பார்கள். அப்பாவின் வயலினில் வில் பட்டால் அந்த நடுக்கம் கணுக்கால் எலும்புக்குள் இறங்கும். சுருதி சேர்ந்ததைக் காது சொல்லுமுன் கால் சொல்லிவிடும். சாந்தினியின் வயலின் காலில் வெறும் கட்டையாகக் கிடந்தது. கேட்கிறவர்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது என்று தர்மினி விட்டுவிட்டாள்.

அண்ணனுக்கு டவுனில் ஒரு மண்டபத்தில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் வழக்கம்போலக் குரங்குக் கதை வந்தது. தர்மினி எழுந்து நின்றாள்.

"அண்ணா, அப்பாட வயலின் சத்தம் உங்களுக்குத் தெரியும்தானே? நான் மறைவா இருந்து ரெண்டு வயலின் வாசிக்கிறன். எது அப்பாட எண்டு சொல்லுங்கோ."

"கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன்" என்றார் அவர்.

இரண்டு பேர் வேட்டியை விரித்துப் பிடித்தார்கள். அதன் பின்னால் உட்கார்ந்து, அப்பாவுக்குப் பிடித்த சஹானா ராகத்தை இரண்டிலும் வாசித்தாள். முதலில் அப்பாவின் வயலின், பிறகு சாந்தினியுடையது. ஒன்றில் உயிரைக் கொடுத்து மற்றதில் ஏமாற்றவில்லை, இரண்டிலும் ஒரேபோலத்தான் வாசித்தாள். முடிந்தபோது அண்ணன் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டாவது. சந்தேகமே இல்லை. அப்பாவே எழும்பி வந்த மாதிரி இருந்தது. முதலாவது சும்மா பெட்டி."

வேட்டி இறங்கியது. அவள் கையில் இருந்தது சாந்தினியின் வயலின். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணி நல்லம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தர்மினிக்கு உடம்பெல்லாம் சூடேறியது. வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாருடைய கண்களும் வயலினை விட்டு அவள் கையைப் பார்த்தன. அந்தச் சந்தோஷம் அவளுக்கு இரண்டு நிமிஷம் இருந்திருக்கும்.

அண்ணன் கோபப்படவில்லை. எழுந்து வந்து, தங்கையின் தோளில் கைபோட்டு, ஊர் கேட்கச் சொன்னார்.

"எல்லாரும் கேட்டீங்கள்தானே? எந்தப் பெட்டியைக் குடுத்தாலும் இவளுக்கு அதே சத்தம் வருது. தேவைப்படும்வரைக்கும் எண்டுதானே அப்பா சொன்னவர்? இனி இவளுக்குத் தேவையில்லை. அவளே காட்டிப்போட்டாள்."

கை தட்டினார்கள், பாவிகள். அவளைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் தட்டினார்கள்.

"அப்படி இல்லை அண்ணா. வித்தியாசம் இருக்கு. எனக்குக் கால்ல தெரியும்" என்றாள் தர்மினி.

"கால்லயா?" என்றார் அண்ணன். மண்டபம் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை அவளைப் பார்த்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வயலினைப் பார்க்க அண்ணன் வீட்டுக்குக் குகன் வந்தார். "நீயே வாசிச்சுக் காட்டு. உன்னை விட்டா ஆர் இருக்கினம்?" என்றார் அண்ணன், தேனாக. தர்மினி மறுக்கவில்லை. மோசமாக வாசிப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். கேட்கச் சகிக்காவிட்டால் அந்த ஆள் எழுந்து போய்விடுவார், வயலின் தப்பிக்கும்.

வில்லை அழுத்தினாள், இழுத்தாள், சுருதியை விட்டு விலகினாள். ஒவ்வொரு தப்பும் கணுக்காலில் பல்வலிபோல ஏறியது. பெற்ற பிள்ளையைப் பிறர் முன்னால் அடிப்பதுபோல இருந்தது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நிமிஷம் வாசித்தாள்.

குகன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வயலினை வாங்கி, திருப்பிப் பார்த்து, முதுகை விரலால் தட்டினார்.

"அருமையான வயலின்ங்க. இவ்வளவு மோசமா வாசிச்சும் உள்ள இருக்கற நாதம் கேக்குதுன்னா பாருங்களேன். பாவம், இத்தனை வருசம் இவங்க கையில மாட்டிக்கிட்டு இருந்திருக்கு."

போன வாரம் சால்வையால் கண்ணைத் துடைத்த அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் என்ன செய்தாள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"ஓம். அவள் சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறவள், அவ்வளவுதான்" என்றார்.

தர்மினிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வயலின் போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது. இரண்டு கையையும் நீட்டினாள்.

"ஒருக்காத் தாங்கோ. நான் ஒழுங்கா வாசிக்கிறன்."

குகன் அதற்குள் பெட்டியை மூடிவிட்டிருந்தார். "வேணாம்மா, நீங்க சிரமப்படாதீங்க. எனக்கு வயலின் தெரிஞ்சுபோச்சு" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, அண்ணனிடம் பேனா கேட்டார்.