இருவருக்கும் சேர்த்து மாத்திரை

கெட்ட செய்தியை நல்லவிதமாகச் சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள அந்த மருத்துவமனையில் ஆளே கிடையாது. மகப்பேறு ஆஸ்பத்திரியின் பின்பக்கம் பழைய சலவை அறைக்கு வெள்ளையடித்து, பெண்களின் பிறப்புறுப்புத் தொற்றுகளைப் பற்றிய ஆய்வுக்கு ஒதுக்கியிருந்தார்கள். வெட்கத்தால் வெளியே சொல்லாமல் வெள்ளைப்படுதலையும் அடிவயிற்று வலியையும் வருஷக்கணக்காகச் சுமந்துகொண்டிருந்தவர்கள் அங்கே வருவார்கள். மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முடிவு வந்ததும் அவர்களை உட்காரவைத்துப் பேசுவது இவள் வேலை. முதலில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள் என்பதால் அவளுக்குத் ‘தண்ணி மேடம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

உடலுறவால் பரவும் ஒட்டுண்ணி என்று முடிவு வந்துவிட்டால் பெண்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “அப்போ அவர் வேற எங்கேயோ போயிருக்காரா?”

“அப்படிச் சொல்லவே முடியாதும்மா. இது சத்தமே போடாம உடம்புல ரொம்ப நாள் இருக்கும். உங்க கல்யாணத்துக்கு முன்னாடியேகூட யாருக்காவது வந்திருக்கலாம். சண்டை போடாம ரெண்டு பேரும் சேர்ந்து மாத்திரை சாப்பிடுங்க, அவ்வளவுதான்.”

அழுதுகொண்டு வந்தவள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போவாள். தண்ணி மேடமும் அடுத்தவளை நிம்மதியாகக் கூப்பிடுவாள்.

அப்போதுதான் ஆய்வகத்துக்குப் புதுப் பரிசோதனைக் கருவி வந்தது. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, விருப்பமுள்ள பெண் ஊழியர்கள் தங்கள் மாதிரியைக் கொடுத்தார்கள். இவளும் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். இரண்டாம் நாள், எந்நேரமும் நுண்ணோக்கியில் கண் வைத்திருப்பதால் ‘லென்ஸ் அக்கா’ என்று அழைக்கப்பட்ட ஆய்வகப் பொறுப்பாளர், அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“உக்காரு. தண்ணி குடிக்கிறியா?”

தான் தினமும் தொடங்கும் விதமே தனக்கும் வந்துவிட்டது என்று புரிந்து அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“ட்ரைகோமோனாஸ். அதே ஒட்டுண்ணிதான். திரும்பவும் போட்டுப் பாத்துட்டேன். இது எப்ப வந்துச்சுன்னு...”

“எனக்குத் தெரியாததாக்கா? நானே தினமும் ஊருக்கெல்லாம் சொல்றதுதானே.”

இருவருக்குமான மாத்திரைகளை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு முகம் வந்து கண்ணுக்குள் உட்கார்ந்துகொண்டது. அவள் நேரில் பார்த்தேயிராத சிரிப்புக்காரியின் முகம்.

தண்ணி மேடத்தின் கணவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவன். பெண்களுக்குக் கார் கற்றுத்தர அண்மையில் ஒருத்தியை வேலைக்கு வைத்திருந்தான். பின்சீட்டில் இருப்பவருக்குத் தூக்கம் கலையும் அளவுக்குச் சிரிப்பாளாம். அதிலிருந்து வீட்டில் சாப்பாட்டு நேரமெல்லாம் அவள் பேச்சுத்தான். “அவ ரிவர்ஸ் எடுக்கிற அழகை நீ பாக்கணுமே!” என்பான். “லாரிக்காரன் ஒருத்தனை இன்னைக்கு என்னமா திட்டினா தெரியுமா!” என்பான். இதுவரை அதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்ட பேச்சு. இப்போது ஒவ்வொன்றும் நெருஞ்சி முள்ளாகத் தைத்தது. போன மாதம் அவன் வாங்கிய கறுப்புக் கண்ணாடிகூட எதற்காக, யாருக்காக என்று புரிந்துவிட்டதாகத் தோன்றியது.

மாத்திரையை அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. முதுகுவலி என்று சொல்லித் தனியே பாய் விரித்துக்கொண்டாள். அவன் தைலம் கொண்டுவந்து நீட்டினான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, அதுதான் இந்தக் கரிசனம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வார விடுமுறை நாளில், அவன் பள்ளி வேலையாக வெளியே போயிருந்த நேரம் பார்த்து, பயிற்சி மைதானத்துக்கே போய்விட்டாள். சிரிப்புக்காரி பெட்ரோல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். இவளை விடச் சின்னவள். ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். பாழாய்ப்போன பல் வரிசைகூட நேராக இருந்தது. தான் யாரென்று சொன்னாள்.

“அய்யோ, சார் வீட்டம்மாவா! வாங்க மேடம். கிளட்ச்னு சொன்னாலே நீங்க மயங்கி விழுந்துருவீங்கன்னு சார் சொல்லிச் சிரிப்பாரு.”

தன்னை வைத்து இருவரும் சிரித்திருக்கிறார்கள்! காதோரம் சூடேறியது. இதற்குள் சிரிப்புக்காரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “நீங்க பெண்கள் ஆராய்ச்சியில இருக்கீங்களாமே மேடம். எனக்குக் கொஞ்ச நாளா அரிப்பு, வெள்ளைப்படுது. யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல. நான் வரலாமா?”

உள்ளுக்குள் ‘பார்த்தாயா!’ என்று ஒன்று துள்ளி எழுந்தது. “தாராளமா வாம்மா,” என்றாள். அவள் குரலில் தேன் ஒழுகியது.

அவளும் வந்தாள், மாதிரியும் கொடுத்தாள். முடிவு வரும்வரை தண்ணி மேடத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆய்வகக் கதவுப் பக்கமே அவளுக்கு வேலை இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் அதே கிருமி இருக்க வேண்டும் என்று வேண்டாத குறைதான். இருந்துவிட்டால் சந்தேகத்துக்கு ஒரு பெயராவது கிடைக்கும் அல்லவா?

“உன் டிரைவிங் பொண்ணுக்கு வெறும் பூஞ்சைதான்,” என்றார் லென்ஸ் அக்கா. “சளிக்கு ஏதோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கா, அதனால வந்திருக்கும். வேற ஒண்ணுமே இல்ல.”

“ஒண்ணுமே இல்லையா?”

அந்தக் கேள்வியில் இருந்த ஏமாற்றம் அவள் காதிலேயே விழுந்தது. லென்ஸ் அக்கா நிமிர்ந்து பார்த்தார். “ஒருத்திக்கு நோய் இல்லைன்னு சொன்னா உன் மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? வீட்டுல இன்னும் சொல்லலையா நீ?”

அவள் வெளியே வந்துவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நோயைத் தேடித் தீர்க்க வந்த இடத்தில், ஒருத்திக்கு நோய் வேண்டும் என்று தவம் கிடந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் கணவன் வந்து கால் கழுவியதும், மாத்திரைப் பட்டைகளை அவன் முன்னால் வைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். இத்தனை பெண்களுக்கு வழுக்கிக்கொண்டு வந்த சொற்கள் அன்று தடுக்கித் தடுக்கித்தான் வந்தன. சொல்லி முடித்துவிட்டு அவன் கண்ணையே பார்த்தாள். திருட்டு முழி முழிக்கிறானா என்று பார்த்தாள்.

அவன் மாத்திரையைத் தொடவில்லை. தரையைப் பார்த்தான். பிறகு மெல்லிய குரலில் கேட்டான்.

“யாரு?”

“என்னது?”

“மழை நாள்ல உன்னைக் கார்ல கொண்டுவந்து விடுறாரே, உங்க ஆஸ்பத்திரி டாக்டர், அவரா?”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவனையே பார்த்திருந்தவளுக்கு, அவனும் தன்னைச் சந்தேகப்படலாம் என்பது ஒரு பொழுதும் தோன்றியதே இல்லை.

“வாயக் கழுவுங்க முதல்ல! அவருக்கு எங்கப்பா வயசு!”

“வயசென்ன வயசு. இந்த மழைக்காலம் பூரா ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருக்கேன். கார்லேருந்து இறங்கும்போது நீ சிரிப்பே. என்கிட்ட அப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு? அதான் ஒரு கண்ணாடியாவது வாங்கிப் போட்டுப் பாத்தேன்.”

“கண்ணாடி எனக்காகவா?”

“பின்ன யாருக்கு?”

அவள் சிரிப்புக்காரியைப் பற்றி ஆரம்பித்தாள், அவன் டாக்டரைப் பற்றி ஆரம்பித்தான். வீடு இரண்டுபட்டது. பக்கத்து வீட்டுக்காரி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தாள். கத்தி ஓய்ந்த பிறகு அவன் கேட்டான், “சரி, கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கலாங்கிறியே. அது நிஜமா, இல்ல வேலைக்காகச் சொல்றதா?”

“நிஜந்தான். நமக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷந்தானே ஆச்சு.”

“அப்போ அதுக்கு முன்னாடி எனக்கு...” என்று இழுத்தான்.

அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். அவளுக்கும் ஒரு முன்கதை உண்டு. அவன் இதுவரை அதைக் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. தண்ணீர் எடுத்துவந்து வைத்தாள். இருவரும் மாத்திரையை விழுங்கினார்கள். மனசார அல்ல, வேறு வழியில்லாமல்.

மாத்திரை முடியும்வரை விலகிப் படுப்பதும் வைத்தியத்தின் பகுதிதான். அந்த நாட்களில் அவர்கள் வழக்கத்தை விட அதிகம் பேசிக்கொண்டார்கள். அவன் தன் முன்கதையைச் சொன்னான். அவள் தன்னுடையதைப் பாதிதான் சொன்னாள். மீதியை அவன் கேட்கவில்லை. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது கடைசிவரை தெரியவேயில்லை. மறுபரிசோதனையில் இருவருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது.

மழை ஓயும் காலத்தில் சிரிப்புக்காரி மறுபடியும் ஆய்வுக்கு வந்தாள். முழுக்கக் குணமாகியிருந்தாள். கார் கற்றுக்கொள்ளும் பெண்கள் மூன்று பேரைக் கையோடு அழைத்து வந்திருந்தாள். நடைபாதையிலேயே அவளுடைய சிரிப்பு கேட்டது.

“மேடம், இவங்களுக்கும் என்னை மாதிரியேதான். வெளியே சொல்லாம வெச்சிருந்தாங்க. நான்தான் இழுத்துட்டு வந்தேன். சாரும் பள்ளியிலேயே ஒரு நோட்டீஸ் ஒட்டலாம்னாரு.”

‘சார்’ என்ற சொல் தண்ணி மேடத்தைச் சுருக்கென்று குத்தத்தான் செய்தது. குத்தியதை வெளியே காட்டிக்கொள்ளாமல், வந்தவர்களுக்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.