அபிஷேகத்தில் ஒரு தாதுக்கல்

1

பதினாறு நாள். அம்மாவிடம் ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: "புக்கிட் ரோத்தானில், செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு பெண்..." (அடித்துவிட்டேன். மரங்களை ஏன் இழுக்கிறேன்?)

சரியான தொடக்கம்: நான் இணையத்தில் யுரேனியத் தாதுக்கல் ஒன்று வாங்கினேன். கட்டைவிரல் அளவு. கூடவே கதிர்வீச்சை அளக்கும் சிறு கருவி. இயற்பியல் படித்துவிட்டு, அறையிலிருந்தே ஒரு கம்பெனிக்கு எண்களைச் சரிபார்க்கிறேன். நாள் முழுக்க யாரும் பேசமாட்டார்கள். கல்லருகே வைத்தால் கருவி டிக் டிக்கென்று பேசுமாம்.

2

பார்சல் புதன்கிழமை வந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா அதைப் பிரித்து, கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமி மேடையில் முனீஸ்வரர் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். ஆங்கில எச்சரிக்கைச் சீட்டு குப்பைக்கூடையில் கிடந்தது.

"சயன்ஸ் படிச்சவ, சாமி இல்லேன்னு வாய் கிழிய பேசுவ. இப்ப ஆன்லைன்ல சாமி வாங்குறியா? என்னா கனம்லா!"

"அம்மா, அது..."

"காசியிலேர்ந்தா?"

"ஆமாம்மா."

(இந்தப் பாத்திரம் ஏன் பொய் சொல்கிறது? அப்பா இறந்தபின் அம்மா என்னிடம் "சாப்ட்டியா" தவிர வேறெதுவும் கேட்டதில்லை. அன்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்.)

3

வெளியே இருக்கும்வரை அந்தக் கல்லால் பெரிய கேடில்லை. அதன் பொடி வயிற்றுக்குள் போகக் கூடாது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பால் ஊற்றி, வழிந்ததைத் தீர்த்தமென்று குடிக்கிறார். முதல் வெள்ளி நான் பார்க்கவில்லை. இரண்டாவது வெள்ளிதான் பார்த்தேன், அதற்குள்...

(இந்த வாக்கியம் முடிய மறுக்கிறது.)

4

முடிவு அ: அம்மா நாற்றங்கால் வேலைக்குப் போனதும் கல்லை மாற்றிவிடுகிறேன். (தூக்கிப் பார்த்ததும் கனத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.)

முடிவு ஆ: அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. (யாருக்குத் தெரியும்?)

முடிவு இ: நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். (என் அம்மாவை உங்கள் தலையில் கட்டுகிறேன். வெட்கமாக இருக்கிறது.)

5

இன்று மூன்றாவது வெள்ளி. விளக்கேற்றியாகிவிட்டது.

"குமுதா, எழுதுனது போதும்லா. வா, கைய நீட்டு."

கல்லில் வழிந்த பாலை என் உள்ளங்கையில் ஊற்றிவிட்டு, அம்மா டம்ளரைத் தன் உதட்டுக்குக் கொண்டுபோனார். தட்டிவிட்டேன். பால் தரையெங்கும் சிதறியது.

"என்னாடி, பைத்தியமா ஒனக்கு?"

"குடிக்காதம்மா. அது சாமி கல்லு இல்ல, ஒடம்புக்குள்ள போனா விஷம். நீ குடிச்சத மொத வெள்ளிக்கெழமையே பாத்தேன். சொன்னா மறுபடி எங்கூட பேசமாட்டியோன்னு சும்மா இருந்துட்டேன்."