குடும்பப் பெயர்: இல்லை

எங்கள் குடும்பப் பெயர் இல்லை. இப்படிச் சொன்னால், எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்றுதான் தமிழ் தெரிந்தவர்கள் நினைப்பார்கள். அப்படியல்ல. பெயரே 'இல்லை'தான். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, மகளின் பட்டச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அதுதான் அச்சாகியிருக்கிறது.

இதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு, இந்த ஊருக்கு வந்த மூன்றாம் நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு இன்னொரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்தை வைத்தே காலம் ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டால் படிவத்தைத் திருப்பி விடுவார்கள் என்று வரிசையில் முன்னால் நின்ற தமிழர் ஒருவர் பயமுறுத்திவிட்டார். இந்த ஊர் மொழியில் எழுத்து மட்டும் கற்றிருந்தேன், சொற்கள் தெரியாது. அதனால் நம்முடைய 'இல்லை'யை அவர்கள் எழுத்தில் எழுதினேன். என் படிவத்திலும் எழுதினேன், என் மனைவியின் படிவத்திலும் எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

அட்டை கையில் கிடைத்த அன்று என் மனைவி நடைபாதையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"ஒண்ணும் இல்லாதவனைக் கட்டிக்காதேன்னு எங்கப்பா தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரு. கேட்டேனா? இப்ப அட்டையே போட்டுக் குடுத்துட்டாங்க."

மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தோம். எனக்கு மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை நான் பிடிக்க, இரண்டு முனைகளை இன்னொருவர் பிடிக்க, இஸ்திரி இயந்திரத்தின் சூடான உருளைக்குள் விட வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. மூன்று மணிக்கு வேலை முடியும்போது பெயர் மாற்றித் தரும் அலுவலகத்தையும் மூடிவிடுவார்கள். நாளைக்கு, அடுத்த வாரம், குழந்தை பிறந்த பிறகு என்று தள்ளிக்கொண்டே போனோம். குழந்தை பிறந்தது, அதற்கும் அதே பெயர் வந்தது. ஒருமுறை விடுப்பு எடுத்துப் போய்க் கேட்டபோது, ஒரு காகிதத்தை மாற்றினால் எல்லாக் காகிதத்தையும் மாற்ற வேண்டும் என்றார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டு வந்துவிட்டேன்.

பெயரால் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. மருத்துவரிடம் போனால் செவிலி கதவைத் திறந்து "இல்லை!" என்று கூப்பிடுவாள். என் மனைவி "இருக்கேன், இருக்கேன்" என்று எழுந்து ஓடுவாள். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பையன் என் சட்டையில் தைத்திருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இன்னைக்கு நீங்க இருக்கீங்களா, இல்லையா?" என்று ஒரு வாரம் என் உயிரை வாங்கினான். பள்ளியில் படிக்கும்போது மகள் ஏதோ ஓர் இணையதளத்தில் எங்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். தோற்றம், பழைய மேய்ப்பர் குலம். பொருள், மலைச்சரிவில் வாழ்பவர். பரவல், மிக மிக அரிது. எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து கற்பனை செய்தானோ தெரியாது.

"மேய்க்கிறது என்னமோ வாஸ்தவம்தான்," என்றாள் என் மனைவி. "உங்கப்பாவை இத்தனை வருஷமா நான்தான மேய்ச்சுக்கிட்டிருக்கேன்."

அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. நான் வேலை செய்கிற அதே மருத்துவமனையில் பதினொரு நாள் கிடந்தாள். அவள் படுத்த விரிப்புகளும் என் கைக்குத்தான் வந்திருக்கும். எது அவளுடையது என்று எனக்குத் தெரியாது.

அவள் சாம்பலை வைத்த இடத்தில் ஒரு சிறிய கல் நட வேண்டும். கல்லில் எழுத்து வெட்டுகிறவர் மாதிரித் தாள் ஒன்றை அனுப்பியிருந்தார். முதல் வரியில் அவள் பெயர். இரண்டாவது வரியில் குடும்பப் பெயர். இரண்டையும் சேர்த்துப் படித்தேன். உடனே தாளை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம் போயிட்டா என்றேன், தவறிட்டா என்றேன். அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் பெயரோடு சேர்த்து நான் சொல்லவே இல்லை. அதைக் கல்லில் வெட்டிவைத்து, நான் போகும்போதெல்லாம் படிக்க வேண்டுமா? எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால், படிவம் எழுதிய மடையன்மேல்தான்.

பதிவில் உள்ள முழுப் பெயர் கல்லில் இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. குடும்பப் பெயரை விட வேண்டுமென்றால் பெயர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். நான்காவது ஜன்னலில் சளி பிடித்த ஓர் அம்மா இருந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டே மூன்று கேள்வி கேட்டார்.

"பெயர் எங்கேருந்து வந்தது?"

"இங்கேருந்துதான். பக்கத்துக் கட்டடம். நானே எழுதினேன்."

"அர்த்தம்?"

சொன்னேன். அவர் சற்று யோசித்தார். "கெட்ட வார்த்தையா இருந்தா சட்டுனு எடுத்துடலாம். இது அப்படி ஒண்ணும் கெட்ட வார்த்தை இல்லையே."

"எனக்குக் கெட்ட வார்த்தைதாங்க."

அவர் விசைப்பலகையை முன்னால் இழுத்துக்கொண்டார். "இந்தப் பேர்ல எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டு, கணினியைத் தானே பார்த்தார். "மூணு பேர்." பிறகு திரையை இன்னொரு முறை பார்த்தார். "மன்னிச்சுக்கங்க. ரெண்டு பேர்."

அதன் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அனுமதித் தாளில் முத்திரை குத்தி, இந்தப் பெயரில் உள்ள மற்றவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

மற்றவர் என்றால் என் மகள். மாலையில் அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"என்னைக் கேக்கணும்னு தோணலையாப்பா?"

"அதான் கேக்கறேனே."

"எல்லாம் முடிச்சுட்டு வந்து கேக்கறீங்க. உங்களுக்கு அது தப்பா எழுதின பேரு. எனக்கு அது என் பேரு. அம்மா கல்லுல அது இல்லன்னா, நான் அவங்க பொண்ணுன்னு அங்க வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெட்டி வெச்சா நான் எப்படிம்மா அதைப் படிக்கிறது?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். கண் கலங்கியது, ஆனால் குரல் கடுகடுவென்றுதான் இருந்தது. "குடுங்க." கையெழுத்துப் போட்டாள். "போட்டுட்டேன். அதுக்காக எனக்குச் சம்மதம்னு நினைச்சுக்காதீங்க." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவு சாப்பிடக்கூட வரவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே கல் வெட்டுகிறவரின் பட்டறைக்குப் போனேன். கை இரண்டும் மரத்துப்போயிருந்தன. அவர் அனுமதித் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். "அப்போ பேர் மட்டும். வேலையும் சுலபம்." சாம்பல் நிறக் கல் ஒன்றை மேசையில் கிடத்தி, பென்சிலால் எழுத்துகளை வரைந்து காட்டினார்.

அவள் பெயர் மட்டும் தனியாக நின்றது. வீட்டுக் கதவில் மாட்டுகிற பலகை போல இருந்தது. கூப்பிட்டால் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு "என்னங்க" என்று வந்து நிற்பாள் என்று தோன்றியது. இப்படி ஒரு கல்லை நட்டுவிட்டு நான் எப்படி அதன் முன்னால் நிற்பேன்? ஒவ்வொரு முறையும் கூப்பிடுவேன். ஒவ்வொரு முறையும் காத்திருப்பேன். எனக்கு அதற்குத் தெம்பில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்த மகளையும் நினைத்துக்கொண்டேன்.

"அடுத்த வரியையும் எழுதிடுங்க," என்றேன்.

அவர் அனுமதித் தாளைக் காட்டினார். "வேண்டாம்னு இதுல இருக்கே?"

"பரவால்லைங்க. எழுதுங்க."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார். பென்சிலைச் சீவினார். "அப்புறம் பிழை வந்துடக் கூடாது. முழுப் பேரையும் ஒரு தடவை நீங்களே சொல்லிடுங்க. எப்படி உச்சரிப்பீங்களோ அப்படியே."

அவள் பெயரைச் சொன்னேன். பிறகு "இல்லை" என்றேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மாதமாக வராத அழுகை அந்தக் கல்தூசிக்கு நடுவே வந்தது.

அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. "இன்னொரு தடவை," என்றார்.

இன்னொரு தடவையும் சொன்னேன்.